காடும் ஓர் அமானிதமே!

 



பெண்ணாடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்து சென்றபின், எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் மட்டும் பள்ளிவாசல் தூணோரம் உட்கார்ந்திருந்தார். அருகில் சென்று ஸலாம் சொல்லி அமர்ந்தேன். சற்று நேரம் மௌனமாயிருந்தவர், தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஹஜ்ரத், வாலிப வயசுல பிச்சாவரத்துப் பக்கம் சொந்தக்காரங்க வீட்ல கொஞ்ச வருஷம் இருந்தேன். ராத்திரியில தோணியில போயி அலையாத்திக் காட்டுல வெறகு வெட்டிக் கொண்டாந்து வித்திருக்கோம். கவர்மெண்டு காடுதானே, யாரு வீட்டுக் கொல்லையும் இல்லையேன்னு அப்ப நெனச்சோம். இப்ப மௌத்து நெருங்குற வயசு. ஒரு ஆளுகிட்ட எடுத்திருந்தா அவரு கையப் புடிச்சு ஹலால் பண்ணிடுங்கன்னு கேட்டுடலாம். இதுக்கு நான் யாருகிட்டப் போயி ஹலால் கேக்குறது?"

அவருடைய பெயரைச் சொல்லாமல் இதை எழுத அவரிடமே அனுமதி பெற்றிருக்கிறேன். அந்தக் கேள்வி அவருடையது மட்டுமன்று, நம் எல்லோருடையதுமாகும். தனி மனிதனின் ஒரு ரூபாயைத் தொட அஞ்சுகின்ற நாம், ஊருக்குப் பொதுவானதைத் தொடும்போது மட்டும் அஞ்சுவதில்லையே, ஏன்? அது யாருக்கும் சொந்தமில்லை என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதற்கு நேர் மாறானது. அது எல்லோருக்கும் சொந்தம்.

பொதுச் சொத்தின் பாரம்

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் யாவரும் பங்காளிகள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். இயற்கையாக விளைந்து எல்லோருக்கும் வேண்டியதாயிருக்கும் பொருளை ஒருவர் வளைத்துப் போட்டுக்கொள்ளலாகாது என்பது இதிலிருந்து நம் உலமாப் பெருமக்கள் எடுத்துரைக்கும் சட்டம். பங்காளிச் சொத்தில் மற்றவர்களின் பங்கையும் சேர்த்துத் தின்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பங்காளிகள் இலட்சக்கணக்கானோர் என்றால், அவர்களில் இன்னும் பிறக்காத பிள்ளைகளும் அடக்கம் என்றால், கணக்கு எங்கே போய் முடியும்?

கைபர் போர் முடிந்து திரும்பும் வழியில், நாயகத்துக்குப் பணிவிடை செய்துவந்த ஒருவர் எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு இறந்தார். பாக்கியசாலி, ஷஹீதாகிவிட்டார் என்று தோழர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் நாயகம் (ஸல்) அவர்களோ, போர்ப் பொருட்கள் பங்கிடப்படும் முன்பே அவர் எடுத்துக்கொண்ட ஒரு போர்வை அவர் மீது நெருப்பாக எரிகிறது என்று அறிவித்தார்கள். அதைக் கேட்டதும் ஒருவர் ஓடோடிச் சென்று தாம் எடுத்து வைத்திருந்த செருப்பு வார்களைக் கொண்டுவந்து கொடுத்தார். புகாரீ ஷரீஃபில் வரும் இச்சம்பவத்தைச் சிந்தியுங்கள். ஒரு போர்வை! இரண்டு செருப்பு வார்! பொதுப் பொருள் என்பதால்தான் அதற்கு அத்தனை பாரம்.

நாயகம் வகுத்த காப்பு நிலம்

காட்டைப் பாதுகாப்பது இந்தக் காலத்து அரசாங்கங்கள் கண்டுபிடித்த சட்டமென்று நம்மில் பலர் கருதுகிறார்கள். 1400 ஆண்டுகளுக்கு முன்பே நம் மார்க்கம் அதற்கு 'ஹிமா' என்று பெயர் வைத்திருக்கிறது. அரபு நாட்டுப் பெருந்தலைகள் நல்ல மேய்ச்சல் நிலத்தைத் தமக்கென்று வளைத்துப் பிறரை விரட்டுவது அறியாமைக் காலத்து வழக்கம். நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வழக்கத்தை ஒழித்தார்கள். காப்பு நிலம் அல்லாஹ்வுக்காகவும் அவனுடைய தூதருக்காகவும், அதாவது பொதுநலனுக்காக மட்டுமே இருக்கலாம் என்று ஆக்கினார்கள். மதீனாவுக்கு அருகில் நகீஃ என்னும் இடத்தைப் பொதுக் குதிரைகளின் மேய்ச்சலுக்காக அவ்வாறு ஒதுக்கியும் வைத்தார்கள்.

மக்கா, மதீனா ஆகிய இரண்டு ஹரம்களின் சட்டம் ஹஜ்ஜுக்குப் போய்வந்த ஒவ்வொரு ஹாஜியாருக்கும் தெரியும். அங்கே தானாக முளைத்த மரத்தை வெட்டக்கூடாது. வேட்டைப் பிராணியை விரட்டக்கூடாது. மக்காவின் புனிதத்தை நாயகம் அறிவித்தபோது, அப்பாஸ் (ரலி) அவர்கள் எழுந்து, இத்கிர் என்ற புல்லுக்கு மட்டும் விலக்கு வேண்டுமென்று கேட்டார்கள். கொல்லர்களுக்கும், வீட்டுக் கூரைகளுக்கும், கப்ருகளுக்கும் அது தேவைப்பட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் அந்த விலக்கை உடனே அளித்தார்கள். மனிதனின் நியாயமான தேவையை மறக்காத பாதுகாப்பு இது. காப்பும் கருணையும் சேர்ந்ததே இஸ்லாமியச் சட்டம்.

பிச்சாவரம் சொல்லும் பாடம்

இப்போது அந்தப் பெரியவர் விறகு வெட்டிய காட்டுக்கு வருவோம். நம் பெண்ணாடத்தை ஒட்டி ஓடும் வெள்ளாறு சேத்தியாத்தோப்பைக் கடந்து பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அதற்குத் தெற்கே கொள்ளிடம் கடலில் கலக்கிறது. இந்த இரண்டு முகத்துவாரங்களுக்கும் இடையில், கிள்ளைக்கு அருகே, சுமார் 1,100 ஹெக்டேரில் பரந்து கிடப்பதுதான் பிச்சாவரம் அலையாத்திக் காடு. சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் உப்பும் நன்னீரும் கலந்த சேற்றில் வேரூன்றி நிற்கின்றன. வெண்கண்டலின் வேர்கள் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாகத் தலைநீட்டி மூச்சு விடுகின்றன. சுரபுன்னையோ பல கால்களை ஊன்றி நிற்பதுபோல் தாங்கு வேர்களை இறக்கி நிற்கிறது. உப்புத் தண்ணீரில் எந்த மரம் பிழைக்கும் என்று கேட்கும் மனிதனுக்கு, படைத்தவனின் வல்லமையைக் காட்டும் அத்தாட்சி அது.

அந்தக் காட்டை இரவில் தோணியில் போன விறகுவெட்டிகள் மட்டும் அழிக்கவில்லை. ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970கள் வரை, அரசாங்கமே காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதி என்று முறைவைத்து மொட்டையடித்து விற்றது. வெட்டிய இடத்தில் மரம் தானாக வளர்ந்துவிடும் என்பது அவர்களின் கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்துப்போயிற்று. நிழலை இழந்த சேற்றில் வெயில் நேராக இறங்கியது. மண்ணிலிருந்த நீர் வற்றி, நிலம் அமிழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. பெருக்கில் உள்ளே புகுந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் காயக் காய உப்பு ஏறியது. அந்த உப்பில் ஒரு கன்றும் முளைக்கவில்லை. ஓடைக் கரைகளில் மட்டும் மரங்கள் பச்சையாக நிற்க, உள்ளே நிலம் வெறுமையாகக் கிடந்தது. வெட்டுவதை நிறுத்திய பின்பும் அந்த நிலம் தானாக எழவில்லை.

1990களில், டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் சுற்றுவட்டாரக் கிராம மக்களும் ஒன்றுகூடினார்கள். கன்றுகளை நடுவதற்கு முன்னால் அவர்கள் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். மீன் முள்ளைப் போன்ற அமைப்பு. அதன் வழியே பெருக்கின்போது நீர் உள்ளே வந்தது, வற்றத்தின்போது வெளியேறியது. மண்ணில் தேங்கியிருந்த உப்புக் கழுவப்பட்டது. அதன் பிறகு நட்ட கன்றுகள் பிழைத்தன. இறந்துபோன நிலம் எழுந்தது. வறண்ட பூமிக்கு உயிர் கொடுப்பதைத் தன் அத்தாட்சியாக அருள்மறையில் பல இடங்களில் எடுத்துச் சொல்பவன் அல்லாஹ். அவன் அமைத்த விதியை அறிந்து உழைத்தவர்களின் கைகளில் அது நிகழ்ந்தது.

இதில் நமக்குள்ள படிப்பினை என்ன? யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம் நாட்டின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தம்மிடமிருந்த இரண்டு தகுதிகளைச் சொன்னதாகத் திருமறை அறிவிக்கிறது. ஒன்று, காக்கும் தன்மை. மற்றொன்று, அறிவு. பொதுச் சொத்தை நிர்வகிக்க இரண்டும் வேண்டும். காவல் மட்டும் போதாது; பிச்சாவரத்தில் காவல் இருந்தது, சட்டமும் இருந்தது, ஆனால் அந்த மண்ணைப் பற்றிய அறிவு இல்லாததால் சட்டப்படியே காடு அழிந்தது. அறிவு மட்டும் இருந்து காக்கும் நேர்மை இல்லாவிட்டாலும் அதே கதிதான். 'அனுமதிச் சீட்டு வாங்கித்தானே வெட்டினோம்' என்பது மறுமையில் முழுமையான பதிலாகாது. அமானிதத்தை அழியவிடாமல் பேணினாயா என்பதே அங்கே கேள்வி.

அலை வந்த காலை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த நாளை நம் மாவட்டத்தில் யார் மறப்பார்? கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், வீடிழந்து வந்த மீனவ மக்களுக்கு மதம் பாராமல் உணவும் தங்க இடமும் கொடுத்து ஆதரித்ததை நாடே பாராட்டியது. அல்ஹம்துலில்லாஹ்!

அதற்குப் பின் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த அறிஞர்கள் அந்தக் கரையோரத்தின் 18 சிற்றூர்களை ஆராய்ந்தார்கள். காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவாகவும், கடலுக்கு நேரே மறைவின்றி இருந்த ஊர்களில் அதிகமாகவும் இருந்ததைக் கண்டார்கள். கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமும் சேர்ந்தே காத்தன என்று வேறு அறிஞர்கள் சுட்டிக்காட்டியதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். காடு தாயத்தன்று. அதைக் கட்டிக்கொண்டு கடல் ஓரத்திலேயே குடியிருக்கலாம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. காப்பவன் அல்லாஹ். அவன் ஏற்படுத்திய காரணங்களில் காடும் ஒன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அழிவு வந்தபின் சோறு கொடுப்பது ஸதக்கா என்றால், அழிவைத் தடுக்கும் அரணைப் பேணுவதும் ஸதக்காதான்.

கப்பலில் பயணம் செய்யும் இரண்டு கூட்டத்தாரை நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு உவமையாகக் காட்டினார்கள். கீழ்த்தளத்திலிருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே வந்து போவது மற்றவர்களுக்குத் தொந்தரவாயிற்று. ஆகவே தங்கள் பகுதியிலேயே ஒரு துளை போட்டுக்கொள்ள நினைத்தார்கள். அவர்கள் எண்ணத்தில் கெடுதி இல்லை. ஆயினும் மேலே இருப்பவர்கள் தடுக்காமல் விட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். ஒருவன் வெட்டும் மரம் அவன் பங்கில் போடும் துளை. மூழ்குவதோ ஊர் முழுவதும்.

வாயில்லாப் பங்காளிகள்

அக்காட்டின் வேர்களுக்கிடையில்தான் இறாலும் நண்டும் மீன் குஞ்சுகளும் வளர்கின்றன. நாம் பணம் கொடுத்து வாங்கும் மீனில் பாதிக் கதை அந்தச் சேற்றில் தொடங்குகிறது. குளிர்காலம் வந்தால் தொலைதேசத்துப் பறவைகள் அங்கே இறங்குகின்றன. 2022ஆம் ஆண்டு பிச்சாவரம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்லாஹு தஆலா அறிவித்திருக்கிறான். ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு குருவியின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் அதை வருத்தியது யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் செய்தார்கள். இரண்டு குஞ்சுகளுக்காக அந்தக் கருணை உள்ளம் கலங்கியதென்றால், ஆயிரக்கணக்கான கூடுகளைத் தாங்கிய காட்டை அழிப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது? அந்த ஜீவன்கள் வழக்குமன்றம் ஏறுவதில்லை. அவற்றின் வழக்கு ஏறும் மன்றம் ஒன்று உண்டு.

ஏழையின் பங்கு

காட்டைக் காப்பது என்றவுடன் ஏழையை விரட்டுவது என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். இங்கே கலீஃபா உமர் (ரலி) அவர்களின் நிர்வாகத்தைப் பாருங்கள். காப்பு நிலத்துக்கு ஹுனை என்பவரைப் பொறுப்பாளராக நியமித்து அவர்கள் செய்த உபதேசம் புகாரீ ஷரீஃபில் பதிவாகியிருக்கிறது. மக்களிடம் மென்மையாக நடக்கும்படியும், அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கு அஞ்சும்படியும் கூறினார்கள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடச் சொன்னார்கள். செல்வந்தர்களான உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஆகியோரின் மந்தைகளைத் தடுக்கச் சொன்னார்கள். அவர்களுடைய கால்நடை மடிந்தால் தோட்டமும் வயலும் இருக்கின்றன. ஏழையின் கால்நடை மடிந்தால் அவன் பிள்ளைகளோடு வந்து தம் வாசலில் நிற்பான் என்பது கலீஃபாவின் கவலை. தடுக்கப்பட்டவர்கள் யார்? சுவர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்ற பதின்மரில் இருவர்! இருந்தும் பொதுநிலத்தில் முன்னுரிமை ஏழைக்கே.

பிச்சாவரத்து ஓடைகளில் இடுப்பளவு நீரில் இறங்கி, கைகளாலேயே இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் காட்டின் எதிரிகளல்லர். காடு மீண்டபோது அதில் உழைத்த கைகளில் அக்கிராமத்தார் கைகளும் உண்டு. காட்டோடு வாழ்பவனுக்குப் பங்கும் பொறுப்பும் கொடுத்தால் அவனே காவலன் ஆகிறான். விரட்டினால் இரவில் தோணி ஏறுகிறான்.

நம் ஊரில் நாம் செய்ய வேண்டியவை

'பிச்சாவரம் எங்கே, பெண்ணாடம் எங்கே' என்று கேட்காதீர்கள். வெள்ளாற்றில் இங்கே நாம் எறியும் குப்பை அங்கே போய்த்தான் சேரும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளையும் தட்டுகளையும் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. ஆயினும் நம் நிக்காஹ் விருந்து முடிந்த மறுநாள் காலை ஆற்றங்கரையைப் போய்ப் பாருங்கள்! பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. நீரின் பாதையில் இடையூறைக் கொண்டுபோய்ப் போடுவது எதன் கிளை?

குடும்பத்தோடு பிச்சாவரம் போய்ப் படகில் ஏறுகிறீர்களா? தாராளமாகப் போங்கள், படைப்பைப் பார்த்துச் சிந்திப்பதும் வணக்கமே. ஆனால் கிளையை ஒடிக்காதீர்கள். பிஸ்கட் உறையைத் தண்ணீரில் விடாதீர்கள். வனத்துறை போகவேண்டாமென்று தடுத்த இடத்துக்குப் போகாதீர்கள். 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கோடையில் காய்ந்த புல்லுக்கு ஒரு பீடித் துண்டு போதும். உயிரைப் பேணுவது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று.

ஒவ்வொரு ஜமாஅத்தின் பொறுப்பிலும் ஒரு கப்ருஸ்தான் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. அதை அகற்றி, வேம்பும் புங்கனும் நாவலும் வையுங்கள். கப்ருகளுக்கு இடையூறு நேராமல் ஓரங்களில் வையுங்கள். அதுவே நம் ஊரின் ஹிமாவாக இருக்கட்டும். மரம் வைத்தவனுக்கு, அதிலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்ணும்போதெல்லாம் ஸதக்காவின் நன்மை உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

உலமாக்களுக்கும் ஒரு வார்த்தை. கிழக்கு ஆப்பிரிக்காவில் பெம்பா தீவை அடுத்த மிசாலி என்னும் சிறு தீவைச் சுற்றி, முஸ்லிம் மீனவர்கள் வெடி வைத்து மீன் பிடித்துப் பவளப் பாறைகளைச் சிதைத்து வந்தார்கள். அவர்களிடம் அமானிதத்தையும் மறுமையையும் எடுத்துச் சொல்லும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. அரசு ஆணைக்கு அசையாத உள்ளங்களும் திருமறையின் போதனைக்கு அசைந்தன. மிம்பரில் நின்று பேசும் நமக்கு இந்தப் பொறுப்பு இல்லையென்று சொல்ல முடியுமா?

பெரியவருக்குச் சொன்ன பதில்

அந்தப் பெரியவருக்கு நான் சொன்னது இதுதான்: "பாய், உங்க கண்ணுல தண்ணி வருதே, அதுவே தௌபாவோட தொடக்கம். செஞ்சதை விட்டுட்டீங்க, வருந்துறீங்க, இனி செய்யமாட்டேன்னு உறுதியும் இருக்கு. மிச்சம் இருக்குறது உரிமைய உரியவங்ககிட்ட சேக்குறது. அது ஊர்ச் சொத்து; ஊருக்கே திருப்பிக் கொடுங்க. எடுத்த வெறகோட மதிப்பைக் கொறைக்காம ஒரு கணக்குப் போட்டு, அரசாங்கக் கருவூலத்துல கட்டுங்க. அது முடியலேன்னா எல்லா மக்களுக்கும் பயன்படுற பொதுக்காரியத்துக்குக் கொடுங்க. அதுல நன்மைய எதிர்பாக்காதீங்க, அது நீங்க தீர்க்குற கடன். அதுக்கு மேல, உங்க கையால மரம் வையுங்க. அது உங்க நன்மை."

அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்த வயசுல வச்சா, அது வளர்றத நான் எங்க பாக்கப்போறேன் ஹஜ்ரத்?"

கியாமத்து நேரமே வந்துவிட்டாலும், கையிலிருக்கும் கன்றை நட முடிந்தால் நட்டுவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். உலகமே முடியும் நேரத்தில் நடும் கன்றின் நிழலில் யார் உட்காரப் போகிறார்கள்? பலனைக் காண்பது நம் பொறுப்பன்று. நடுவதும் பேணுவதும்தான் நம் பொறுப்பு. அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். கப்ருஸ்தானின் வடக்கு ஓரத்தில் இன்று இரண்டு வேப்பங்கன்றுகள் நிற்கின்றன. ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பின் ஒரு குடம் தண்ணீரோடு அவர் அங்கே போகிறார்.

யா அல்லாஹ்! எங்களிடம் நீ ஒப்படைத்த மண்ணையும் நீரையும் மரத்தையும் வாயில்லா ஜீவன்களையும் அமானிதமாகப் பேணும் நற்பேற்றை எங்களுக்குத் தருவாயாக! பொதுச் சொத்தில் அறிந்தும் அறியாமலும் நாங்கள் செய்த பிழைகளை, உலகில் இருக்கும்போதே தீர்த்துவிட வழிகாட்டுவாயாக! கோடிக்கணக்கான பங்காளிகள் எங்கள் மீது வழக்குத் தொடுக்கும் நிலையில் எங்களை உன் முன் நிறுத்திவிடாதே! ஆமீன்.